அலுமாரிக்குள் இருந்த நீலப் புத்தகம்

படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மகள் தவமலரை எழுப்பி வெளியே அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டபோது குணேஸ்வரி பாரை மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைக்கவில்லை. "ஆர் எழுப்பினது?" என்று மட்டும் கேட்டாள்.

தலைவர் ஐயா என்றாள் பிள்ளை. அழுதிருந்தால் குணேஸ்வரிக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது. பதினொரு வயதுப் பிள்ளை, குசினி வாசல் மணலில் குந்தியிருந்து ஈர்க்கினால் எதையோ கீறிக்கொண்டு, தான்தான் ஏதோ பிழை செய்துவிட்டதுபோல முகத்தைத் தாழ்த்தி வைத்திருந்தாள். வெட்கப்பட வேண்டியவள் அவளா? வெட்கப்பட வேண்டிய மனிதர் சால்வையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, சனசமூக நிலையத்தில் முதல் வரிசைக் கதிரையில் காலுக்கு மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

ஞாயிறு பின்னேரங்களில் நிலையத்துத் தொலைக்காட்சிப் பெட்டியில் சிறுவர்களுக்கென்று தமிழில் கொஞ்ச நேரம் நிகழ்ச்சி வரும். அன்றைக்குத் திமிங்கிலத்தைக் காட்டியிருக்கிறார்கள். திருகோணமலைத் துறைமுக வாயிலைத் தாண்டி வெளிக்கடலில் அது தண்ணீர் பீச்சுவதைத் தவமலரின் தகப்பன் இராசையா எத்தனையோ தரம் கண்டிருக்கிறான். கண்டதும் வள்ளத்தைத் திருப்பிக்கொண்டு வருவதைத் தவிர அவனுக்கு அதைப் பற்றி வேறொன்றும் தெரியாது. பெட்டிக்குள் பேசிய பெண்ணோ அது மீனே இல்லை என்றாளாம். குட்டி போடுமாம், பால் கொடுக்குமாம், மூச்சு விட மேலே வந்தே ஆகவேண்டுமாம். "அப்படியானால் இது எப்படித் தூங்கும் தெரியுமா, பிள்ளைகளே?" என்று அவள் கேட்ட அந்த நேரம் பார்த்துத்தான் தலைவர் ஆனந்தராசா எழுந்து, வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்து, தவமலரின் முன்னால் நின்றிருக்கிறார். எந்தப் பள்ளிக்கூடம், எத்தனையாம் வகுப்பு என்று கேட்டாராம். பிள்ளை பதில் சொல்லவில்லை. வாசலைக் காட்டினாராம்.

உள்ளே இருந்த பிள்ளைகளைத் தவமலர் பிறகு பிடித்துக் கேட்டிருக்கிறாள். ஒருவன் திமிங்கிலம் கடலின் அடியில் படுக்கும் என்றான். இன்னொருத்தி அது கரைக்கு வரும் என்றாள். மற்றவர்கள் அந்த நேரம் ஒருவர் தலைமயிரை மற்றவர் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்களாம். உள்ளே இருந்தவர்கள் பார்க்கவில்லை. பார்த்தவளைத் துரத்தியாயிற்று. இதுதான் இந்த ஊர் நியாயம் என்று குணேஸ்வரி மீனின் தலையை ஓங்கி வெட்டினாள்.

தவமலர் பள்ளிக்கூடம் போகவில்லை என்பது உண்மைதான். அவளாக வேண்டாம் என்று நின்றவள் அல்ல. வாடைக் காற்று தொடங்கி இந்தப் பக்கத்துக் கடல் கொந்தளித்தால் இராசையாவுக்கு இங்கே தொழில் இல்லை. சாம்பல்தீவுக் கடற்கரையை விட்டுக் குடும்பத்தோடு மன்னார்ப் பக்கம் போய்க் கரையில் வாடிக் குடில் போட்டுவிட்டு, பங்குனி கழியத்தான் திரும்புவான். பள்ளிக்கூடத்தில் புது வகுப்புத் தொடங்கும்போது பிள்ளை எங்கோ ஒரு கரையில் கருவாடு காயவைத்துக்கொண்டிருப்பாள். இரண்டு வருடம் பொறுத்த தலைமையாசிரியர் மூன்றாம் வருடம் பெயரை வெட்டிவிட்டார். குணேஸ்வரி போய் நின்று கெஞ்சியதில், முதலாம் வகுப்பில் இருக்கட்டும் என்றார். ஒன்பது வயதுப் பிள்ளையைப் பால்பல் விழாத குஞ்சுகளோடு குட்டை வாங்கில் இருத்தினார்கள். முழங்கால் மேசையில் இடிக்க இடிக்க இருந்தாள். குஞ்சுகள் அவளைப் பெரியம்மா என்று கூப்பிட்டன. ஒருநாள் மத்தியானம் வீட்டுக்கு வந்தவள் பிறகு போகவில்லை. குணேஸ்வரியும் போகச் சொல்லவில்லை.

ஆனால் பிள்ளைக்கு எழுத்து விட்டுப்போகவில்லை. நிலையத்து விறாந்தையில் நூலில் கட்டித் தொங்கும் பத்திரிகையைக் காற்று புரட்டப் புரட்ட நின்று வாசிப்பாள். போன வருடம் தொலைக்காட்சிப் பெட்டி வந்ததும் அதில் தெரியும் எழுத்தையெல்லாம் மணலில் எழுதிப் பார்த்தாள். படம் அறுந்துபோகும் போதெல்லாம் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்று வருமே, அதைத்தான் அவள் முதன்முதலில் முழுதாக வாசித்தாள். ஊரே சலித்துக்கொண்டு சுருட்டுப் பற்றவைக்கும் நேரத்தில் அவள் மட்டும் கண் வெட்டாமல் இருப்பாள். பெட்டி கேள்வியைக் கொடுக்கும், அச்செழுத்தில் எங்கேயோ பதில் இருக்கும் என்பது அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்து வந்த புத்தி இல்லை.

இந்தக் கேள்விக்குப் பதில் எங்கே இருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரியும். நிலையத்தின் பின்சுவரோடு கண்ணாடிக் கதவு போட்ட அலுமாரி ஒன்று நிற்கிறது. உள்ளே இரண்டாம் தட்டில் தடித்த நீலப் புத்தகம் ஒன்று. அதன் முதுகிலே திமிங்கிலம் வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். மூக்கைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு அதைப் பார்த்துத்தான் தவமலர் வளர்ந்தாள். அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தவர்கள் ஊரில் யாரும் இல்லை.

அலுமாரி யாருடையது? அதைத்தான் குணேஸ்வரி தனக்குள் கேட்டுக்கொண்டே மீனைக் கழுவினாள். நிலையம் கட்டிய காலத்தில் ஊர்ப் பெண்களெல்லாம் ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். சோறு ஆக்க அரிசி களையும்போது ஒரு பிடியை எடுத்துத் தகரப் பேணியில் போட்டுவிட வேண்டும். அடுப்பில் வைத்தது வயிற்றுக்கு, பேணியில் போட்டது ஊருக்கு. மாத முடிவில் பேணிகளை ஒன்றாகக் கொட்டி விற்றார்கள். கடல் ஏமாற்றி, கஞ்சிக்கே காணாத நாளிலும் குணேஸ்வரி அந்தப் பிடியைப் போடாமல் விட்டதில்லை. அந்த அரிசியில்தான் அலுமாரி வந்தது, புத்தகங்கள் வந்தன. பிறகு அதே பிடியரிசியில்தான் பெட்டியும் வந்தது. பேணிக்குப் பிள்ளையின் வாயிலிருந்து அரிசி எடுத்தபோது எத்தனையாம் வகுப்பு என்று யாரும் கேட்கவில்லை.

கையைக் கழுவிக்கொண்டு நேரே நிலையத்துக்குப் போனாள். ஆனந்தராசா அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். நிலையத்துக்குத் தலைவரானதிலிருந்து அலுமாரிப் பூட்டின் திறப்பும் பெட்டி வைத்திருக்கும் மரக்கூட்டின் திறப்பும் அவருடைய இடுப்பு நாடாவில்தான் தொங்கின. அவர் கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. ஊர் நன்மைக்கு என்று எதையாவது பூட்டாவிட்டால் அவருக்குச் சாப்பாடு செரிக்காது, அவ்வளவுதான்.

அவர் அவளை இருக்கச் சொன்னார், தேத்தண்ணி குடிக்கிறாயா என்றும் கேட்டார். நிர்வாகசபை எடுத்த தீர்மானம் என்றார். பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளை உள்ளே விட்டால் போகிற பிள்ளைகளும் நின்றுவிடும் என்றார்.

"அவளுக்குப் பள்ளிக்கூடக் கதவைப் பூட்டினாங்கள் எண்டுதானே ஐயா அவள் இஞ்ச வந்தவள். இதையும் பூட்டினால் அவள் எங்க போறது?"

"போய் முதலாம் வகுப்பில இருக்கட்டும், பிள்ளை. ஒழுங்காப் படிச்சு வந்தால் ஆர் மறிக்கிறது? ஒழுங்கில்லாமல் கண்டதையும் பாத்து, கேட்டுப் பொறுக்கிறது படிப்பில்லை."

சரி, பெட்டி வேண்டாம், அந்த நீலப் புத்தகத்தையாவது ஒரு பின்னேரம் கொடுங்கள், இங்கேயே உங்கள் கண் முன்னால் இருந்து பார்க்கட்டும் என்று கேட்டாள் குணேஸ்வரி. அவர் சிரித்தார். மீன் அளைந்த கையோடு பிள்ளைகள் தொடுவதற்கா அதை வாங்கி வைத்திருக்கிறது என்றார். சரி, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்காவது கொடுத்தீர்களா என்று கேட்டாள். இல்லையாம். அவர்களும் கிழிப்பார்களாம்.

"இண்டைக்கு வரைக்கும் அந்த அலுமாரியில ஒரு புத்தகத்தில ஒரு ஒற்றை கிழியேல்ல. அதுதான் எங்கட நிர்வாகம்" என்றார் ஆனந்தராசா. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னார்.

குணேஸ்வரி தேத்தண்ணி குடிக்காமல் எழுந்து வந்தாள். கிழியாமல் இருக்கத்தான் புத்தகம் என்றால் அதை ஏன் அச்சடித்தார்கள்? சீலைக் கடையில் சுருட்டி வைத்த சீலையும் கிழியாது, உடுக்காமல் வைத்திருந்தால். இராசையாவிடம் சொன்னபோது அவன் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே, பெரிய மனிதர்களோடு கொழுவாதே, நாளைக்கு ஒரு காரியத்துக்குப் போகவேண்டி வரும் என்றான். திமிங்கிலம் பால் கொடுக்கும் என்று பிள்ளை கரையில் சொன்னதற்கு வள்ளக்காரர் எல்லாரும் சிரித்த கதையையும் சொன்னான். அவனும் சேர்ந்து சிரித்திருப்பான் என்று குணேஸ்வரிக்குத் தெரியும். அன்றிரவு அவனுக்குச் சோறு போட்டாள், கதைக்கவில்லை.

அந்த ஊருக்கு அப்போது மின்சாரம் வந்திருக்கவில்லை. பெட்டி கார் பற்றரியில்தான் ஓடியது. கிழமைக்கொருதரம் பற்றரியை நகரத்துக்குக் கொண்டுபோய், பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வரவேண்டும். இந்த வேலைக்குத் தலைவரும் போகமாட்டார், செயலாளரும் போகமாட்டார். அமிலம் பட்டால் வேட்டி ஓட்டையாகிவிடும். வெள்ளிக்கிழமைகளில் ஸெய்னுதீன் ஓட்டும் வானில் மீனோடு சந்தைக்குப் போகும் குணேஸ்வரிதான் பற்றரியையும் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு போவாள், பின்னேரம் கொண்டுவந்து நிலையத்து வாசலில் இறக்குவாள். பெட்டி வந்த நாளிலிருந்து அப்படித்தான். ஊருக்காகச் செய்தாள், ஒருவரும் நன்றி சொன்னதில்லை, அவளும் எதிர்பார்த்ததில்லை.

அந்த வெள்ளிக்கிழமையும் போனாள். வான் திரும்பி வரும்போது நிலையத்தடியில் ஸெய்னுதீன் வழக்கம்போல வேகத்தைக் குறைத்தார்.

"நிப்பாட்ட வேண்டாம் நானா. வீட்டடியில இறக்குங்கோ" என்றாள் குணேஸ்வரி.

ஸெய்னுதீன் அவளுடைய முகத்தைக் கண்ணாடியில் ஒருமுறை பார்த்தார். பற்றரியைத் தானே தூக்கிக்கொண்டுவந்து குசினி மூலையில் வைத்துவிட்டுப் போனார். குணேஸ்வரி அதன்மேல் பலகையைப் போட்டு, பலகைக்கு மேல் பிடியரிசிப் பேணியை வைத்தாள்.

மறுநாள் சனிக்கிழமை. பின்னேரம் தமிழ்ப் படம் போடுவார்கள் என்று கிழமை முழுவதும் ஊரில் அதே கதை. வள்ளக்காரர் வெள்ளனவே கரைக்கு வந்து குளித்துவிட்டார்கள். மத்தியானம் திரும்பியதும் நிலையத்துச் செயலாளர் பற்றரிக்கு ஆள் அனுப்பினார். பற்றரி இருக்கிறது, தரமாட்டேன் என்று குணேஸ்வரி சொல்லி அனுப்பினாள். பிறகு செயலாளரே வந்தார், நயமாகக் கதைத்தார், அதட்டினார், போனார். இராசையா வீட்டுக்கும் படலைக்குமாக நடந்து, கடைசியில் கரைக்குப் போய் வள்ளத்துக்குள் ஏறிப் படுத்துவிட்டான். வெயில் சாயும் நேரம் ஆனந்தராசாவே வந்தார். அவருக்குப் பின்னால் பாதி ஊர் வந்தது.

பொதுச் சொத்தைத் தனி வீட்டில் வைத்திருப்பது குற்றம் என்று ஆனந்தராசா தொடங்கினார். குணேஸ்வரி வாசலை விட்டு அசையவில்லை.

"அதைத்தான் ஐயா நானும் சொல்லுறன். பொதுச் சொத்தைத் தனி ஆள் இடுப்பில கட்டியிருக்கேலாது. அலுமாரியைத் திறவுங்கோ, பற்றரி வரும்."

பக்கத்து வீட்டு அன்னலட்சுமி படலையைத் திறந்துகொண்டு வந்து குணேஸ்வரிக்குப் பக்கத்தில் நின்றாள். அவளுடைய பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறவர்கள், அவளுக்கு இதில் ஒரு குறையும் இல்லை. என்றாலும், தானும் அரிசி போட்டவள், அந்த அலுமாரிக்குள் என்ன இருக்கிறது என்று இதுவரை கண்டதில்லை என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் பெண்கள் வந்தார்கள். ஒருத்தியின் கையில் அரிசிப் பேணியே இருந்தது. ஆண்கள் சூரியனைப் பார்த்தார்கள், ஆனந்தராசாவைப் பார்த்தார்கள். படம் தொடங்கப் போகிறது, ஒரு கதவைத் திறந்து காட்டினால் என்ன குறைந்துபோகும் என்று முணுமுணுத்தார்கள். பிள்ளைக்காக ஒருவனும் வாய் திறக்கவில்லை. படத்துக்காகத் திறந்தார்கள். அதற்கும் குணேஸ்வரிக்குக் கோபம்தான் வந்தது, ஆனால் அதை ஒரு பக்கம் வைத்துக்கொண்டாள்.

எல்லாருமாக நிலையத்துக்குப் போனார்கள். குணேஸ்வரி பற்றரியைத் தலையில் சுமந்துகொண்டு போய் வாசற்படியில் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்தாள். தவமலர் அலுமாரியோடு ஒட்டி நின்றாள். கைகளைச் சவுக்காரம் போட்டுக் கழுவி, சட்டையில் துடைத்துத் துடைத்துச் சிவக்கவைத்திருந்தாள். மீன் மணம் போய்விட்டதா என்று இடையில் ஒருதரம் மணந்தும் பார்த்தாள்.

உப்புக்காற்றில் பூட்டு துருவேறியிருந்தது. தேங்காயெண்ணெய் விட்டு, திறப்பைத் திருகி, மேலும் எண்ணெய் விட்டு, ஆனந்தராசாவுக்கு வியர்த்துவிட்டது. கடைசியில் கதவு முனகிக்கொண்டு திறந்தது. பார், எவ்வளவு பத்திரம் என்பதுபோலக் கையைக் காட்டினார். வரிசையாக நின்ற புத்தக முதுகுகள் கடையில் வாங்கியபடியே இருந்தன.

"எடு, மகள்" என்றாள் குணேஸ்வரி.

தவமலர் இரண்டு கையையும் நீட்டி நீலப் புத்தகத்தை இழுத்தாள். முதுகு மட்டும் கையோடு வந்தது. வாலைத் தூக்கிய திமிங்கிலம் அப்படியே இருந்தது. அதற்குப் பின்னால் புத்தகம் இருந்த இடத்தில் செம்மண் புற்று நின்றது. அது உடைந்து சரசரவென்று பிள்ளையின் கால்மேல் கொட்டியது. வெள்ளை வெள்ளையாய்க் கறையான்கள் வெளிச்சம் பட்டு அங்குமிங்கும் ஓடின.

அன்னலட்சுமி பக்கத்துப் புத்தகத்தை இழுத்தாள். அதுவும் மண். மேல் தட்டு, கீழ்த் தட்டு, எல்லாம் மண். சுவரோடு ஒட்டி வைத்த அலுமாரியின் பின்பலகையை எப்போதோ துளைத்து உள்ளே வந்து, தாள் தாளாக, அவசரப்படாமல் தின்றிருக்கின்றன. கண்ணாடிப் பக்கத்து முதுகுகளை மட்டும் விட்டுவைத்திருக்கின்றன. ஒரு தரம், ஒரே ஒரு தரம் யாராவது ஒரு பிள்ளை ஒரு புத்தகத்தை இழுத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

பிறகு ஆனந்தராசா தொண்டையைச் செருமினார். நாங்கள் பத்திரமாகத்தான் வைத்திருந்தோம், இது கறையானின் வேலை, இதற்கு யார் என்ன செய்ய முடியும் என்றார்.

குணேஸ்வரி பற்றரியை விட்டு எழுந்து வந்தாள். அவள் குரலை உயர்த்தவில்லை.

"கறையானிட்டக் கேட்டனீங்களோ ஐயா, எந்தப் பள்ளிக்கூடம், எத்தினையாம் வகுப்பு எண்டு?"

ஆனந்தராசா பூட்டைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், பிள்ளையைப் பார்க்கவில்லை. படம் அறுந்தால் அந்தப் பெட்டிகூட ஊரைப் பார்த்து வருந்துகிறோம் என்று சொல்லும். இந்த மனிதருக்கு அந்த ஒரு சொல் கடைசிவரை வாயில் வரவில்லை. சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தலைவலிக்கிறது என்று செயலாளரிடம் சொல்லிவிட்டுப் போனார். போகும்போது திறப்பு இரண்டையும் மேசையில் வைத்துவிட்டுத்தான் போனார்.

குணேஸ்வரி மரக்கூட்டைத் திறந்து பற்றரியை மாட்டினாள். திறப்பைத் தன் இடுப்பில் செருகப் போனவள், என்ன நினைத்தாளோ, யன்னலுக்கு வெளியே பற்றைக்குள் வீசி எறிந்தாள். பிள்ளைகளையெல்லாம் உள்ளே வரச் சொன்னாள். படலையடியில் தயங்கி நின்ற பிள்ளைகளும் வந்தார்கள், அவளுடைய மகளைப் போல வாடிக்குப் போய் வகுப்பை இழந்த பிள்ளைகள். இத்தனை பேர் இருக்கிறார்களா என்று அவளுக்கே அன்றுதான் தெரிந்தது. பெண்கள் மண்ணை வாரிக் கடகத்தில் கொட்டிக் கொட்டி வெளியே கொண்டுபோனார்கள். ஆண்கள் கொஞ்சம் ஒதுங்கி இருந்து படம் பார்த்தார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியில் தவமலர் அந்த நீல முதுகை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தாள். படத்தைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை. கரையோரம் திரும்பும் இடத்தில் நின்று வெளிக்கடலைப் பார்த்தாள்.

"அம்மா, அப்ப அது எப்பிடி நித்திரை கொள்ளுது?"

குணேஸ்வரிக்குத் தெரியாது. இராசையாவுக்கும் தெரியாது, ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அதற்கான பதிலைப் பிள்ளை பிறக்கும் முன்பே பிடிபிடியாக அரிசி போட்டு வாங்கி வைத்திருந்தாள். தன் வயிற்றை ஒறுத்து வாங்கி வைத்திருந்தாள். அதைத்தான் கறையான் தின்ன விட்டுவிட்டுப் பூட்டைக் காவல் காத்திருக்கிறார்கள்.

"தெரியாது, மகள்" என்றாள்.